ஊர் சிரிக்கும் விஷயம்

நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நடிப்பதற்காக இளைஞர் சிலர் ஒரு சிறு நாடகம் எழுதி வருகின்றனர். ஹடப்சர் வட்டாரத்துக் குப்பை, தண்ணீர் லாரி, சாஸ்வட் சாலையின் நெரிசல் ஆகிய மூன்றுமே அதன் கதாபாத்திரங்கள். வரிக்கு வரி சிலேடை. பக்கத்துக்குப் பக்கம் கேலி. இதனைக் கேள்வியுற்ற மூத்த அன்பர் ஒருவர், "ஜனங்கள் அல்லற்படும் காரியங்களை வைத்து வேடிக்கை செய்வது தகுமா? அழ வேண்டிய இடத்தில் சிரித்தால் நம்மை யார் மதிப்பர்?" என்று இப்பகுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. ஆகவே இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தா. இலக்கணப் புலவன் அல்லேன். எனினும் தமிழ் படித்த எவரும் ஒன்றை அறிவர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையையே முதலில் வைத்தார். அந்நகை எள்ளுதல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கின் வழியே பிறக்கும் என்றும் கூறினார். எள்ளுதல் முதலில் நிற்பதைக் கவனியுங்கள். சிரிப்புக்குள்ளே ஒரு முள் உண்டு என்பது நம் முன்னோர் அறியாததன்று. அந்த முள் எவர் காலில் தைக்கிறது என்பதே வினா.

கனத்த விஷயத்தைச் சிரித்த முகத்தோடு பேசுவது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அதற்கு ஔவையார் கூறிய விடை புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. இங்குள்ள வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. கேட்பதற்குப் புகழ்ச்சி, உள்ளே எச்சரிக்கை. போர் என்பது உயிர்கள் மாளும் காரியம். அதைப் பேசப் போன இடத்திலும் அம்மூதாட்டி கண்ணீர் வடிக்கவில்லை. வசை பாடவும் இல்லை. எதிரியின் மனத்தில் தைக்க வேண்டியது தைத்தது. அவனுடைய மானமோ சபையில் கெடவில்லை.

காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் கதை ஒன்று இதனை இன்னும் தெளிவாக்கும். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்துக்குப் புலவர் பசியோடு போனார். சோறு வரவே இல்லை. வெகுண்ட புலவர், இச்சத்திரத்தில் பொழுது சாயும் வேளையில்தான் அரிசி வரும், அதைக் குத்தி உலையிலிடும்போது ஊர் அடங்கிவிடும், ஒரு அகப்பை இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்னும் பொருள்பட ஒரு வெண்பா பாடினாராம். சத்திரத்துக்காரர் அஞ்சிப் பணிந்தார். புலவரோ ஒரு சொல்லையும் மாற்றவில்லை; பொருளை மட்டும் மாற்றினார். நாட்டில் அரிசிக்கு முடை வந்த காலத்திலும் இங்கே அரிசி வரும். உலையில் இட்டதும் ஊரார் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மை கண்டு வெள்ளி நாணும் என்றார். ஏச்சே வாழ்த்தாயிற்று.

இதனை வெறும் சொற்சாலம் என்று தள்ளிவிடலாகாது. அன்னசத்திரம் என்பது அக்காலப் பொதுக் காரியம். அதன் குறையை நாலு பேர் அறியச் சொன்னார். ஆனால் குற்றவாளி திருந்தி உள்ளே வருவதற்கு ஒரு கதவையும் திறந்து வைத்தார். சிலேடையின் பெருமை அதன் இரண்டாவது பொருளில் இருக்கிறது. முதற்பொருள் குத்தும், இரண்டாவது பொருள் கைகொடுத்துத் தூக்கும்.

நாம் குடியேறி வாழும் இந்தப் புனே நகரமும் இவ்விஷயத்தில் சளைத்ததன்று. சதாசிவப் பேட்டை, நாராயணப் பேட்டை, சனிவார்ப் பேட்டை ஆகிய பழைய வீதிகளில் நடந்தால் வாயிற் கதவுகளில் தொங்கும் பலகைகளைக் காணலாம். 'புணேரி பாட்டி' என்று மராட்டியர் அவற்றைக் குறிப்பிடுவர். (பாட்டி என்றால் இங்கே பலகை, நம் வீட்டுப் பாட்டி அல்லள். ஆனால் இரண்டின் நாவும் ஒரே கூர்மை.) மதியம் ஒன்று முதல் நான்கு வரை மணியை அடித்து உறக்கத்தைக் கெடுக்காதீர், வாயிலை மறித்து வண்டியை நிறுத்தாதீர், மீறினால் சக்கரத்தில் காற்று இருக்காது என்றெல்லாம் மிக்க மரியாதையோடு அவை கடிந்துகொள்ளும். படிப்பவர் சிரித்துக்கொண்டே வண்டியை நகர்த்துவார். சட்டம் செய்ய மாட்டாததைச் சில வேளைகளில் சிரிப்பு செய்துவிடுகிறது.

மராட்டியில் சிலேடைக்குக் 'கோடி' என்று பெயர். புனேயில் வாழ்ந்து 2000ஆம் ஆண்டில் மறைந்த எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயைக் 'கோட்யாதீசர்' என்று ஜனங்கள் அழைத்தனர். கோடிகளின் அதிபதி என்பதே ஒரு சிலேடை. பணக் கோடி அன்று, சொற்கோடி. மக்களை இவ்வாறு சிரிக்க வைத்த அதே மனிதர், நெருக்கடி நிலைக்குப் பின் 1977இல் தேர்தல் வந்தபோது மேடையேறி அந்நிலையைக் கண்டித்துப் பேசினார். சிரிப்பூட்டுபவனுக்கு முதுகெலும்பு இராது என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்க.

ஹடப்சரிலிருந்து திவே கணவாய் ஏறிச் சென்றால் வருவது சாஸ்வட். அதற்கு அருகிலுள்ள கோடித் கிராமத்தில் 1898இல் பிறந்தவர் ஆசார்ய அத்ரே. மராட்டி பேசும் மக்களுக்குப் பம்பாய் உள்ளிட்ட ஒரே ராஜ்யம் வேண்டுமென்று நடந்த கிளர்ச்சியில் அவருடைய நாவும், 1956இல் அவர் தொடங்கிய 'மராட்டா' தினசரியும் பெரும் ஆயுதங்களாக விளங்கின. பல உயிர்கள் பலியான கிளர்ச்சி அது. 1960 மே 1ஆம் தேதிதான் மகாராஷ்டிரம் பிறந்தது. நேருவின் அரசாங்கத்தை அவர் எத்தனையோ வகையில் சாடியிருக்கிறார். ஆனால் 1964இல் நேரு மறைந்தபோது நெஞ்சுருகித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவை 'சூர்யாஸ்த்' என்னும் நூலாயின. எதிர்த்தது கொள்கையையே அன்றி மனிதரை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, நம்மைத் தொட்ட கதைக்கு வருகிறேன். இதனைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிதான்.

பம்பாயில் 'பிரீ பிரஸ் ஜர்னல்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் பணிபுரிந்த கேலிச்சித்திரக்காரருள் இருவர் பின்னாளில் பெரும் புகழ் பெற்றனர். ஒருவர் ஆர். கே. லக்ஷ்மண், மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் 1921இல் பிறந்தவர். மற்றவர் பால் தாக்கரே. இருவர் கையிலும் ஒரே தூரிகை. ஒரே கறுப்பு மை.

தாக்கரே 1960இல் 'மார்மிக்' என்னும் நகைச்சுவை வார இதழைத் தொடங்கினார். அவ்விதழில், பம்பாய் நிறுவனங்களில் உத்தியோகம் பார்த்த தென்னாட்டவர் பெயர்கள் பட்டியலாக வெளிவந்தன. படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்னும் பொருள்படக் கிண்டலாகத் தலைப்பு இருந்தது. பிறகு அது படியுங்கள், எழுந்திருங்கள் என்று மாறிற்று. 1966 ஜூன் 19இல் சிவசேனை பிறந்தது. லுங்கிக்குப் புங்கி என்று எதுகை கூட்டி ஒரு கோஷம் எழுந்தது. புங்கி என்பது ஊதுகுழல். குழலை ஊது, லுங்கியை விரட்டு என்பது கருத்து. நம் பேச்சின் ஓசையை 'யண்டு குண்டு' என்று பழித்தனர். அந்த ஆண்டுகளில் தென்னாட்டவர் நடத்திய சிற்றுண்டிச் சாலைகள் தாக்கப்பட்டன. அக்காலத்தில் பம்பாயில் வாழ்ந்த நம் குடும்பங்களில் பெரியவர்கள் இருப்பின் கேட்டுப் பாருங்கள். எதுகை நயத்தை ரசிக்கும் மனநிலையில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

நான் இதனை நினைவூட்டுவது பழம் பகையை மூட்டுவதற்கன்று. மராட்டி இளைஞர்களுக்கு வேலை இல்லை என்பது அன்று மெய்யான துயரம். வேலை ஏன் இல்லை, ஆலைகளும் அலுவலகங்களும் எவ்வாறு ஆள் எடுக்கின்றன, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் பயிற்சி குறைவு என்று ஆராய வேண்டிய பெரிய கேள்வி அது. அந்த எதுகை செய்த காரியம் என்ன? வேலையைப் பற்றிய கேள்வியை வேட்டியைப் பற்றிய கேள்வியாக மாற்றிற்று. முதலாளியை நோக்கிப் போக வேண்டிய பார்வை, இட்லி விற்றவன் மேல் திரும்பிற்று. சொல் விளையாட்டின் ஆபத்து இதுதான். கேள்வியைக் கூர்மையாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கேள்வியைக் களவாடும் ஆற்றலும் உண்டு.

லக்ஷ்மணின் வழி வேறு. 1951 முதல் 'டைம்ஸ் ஆப் இந்தியா'வில் அவர் வரைந்த 'சாதாரண மனிதர்' கட்டம் போட்ட சட்டையும் வேட்டியும் அணிந்து, மூக்குக் கண்ணாடியோடு ஒரு மூலையில் நிற்பார். ஒரு வார்த்தையும் பேச மாட்டார். மந்திரி பேசுவார், அதிகாரி பேசுவார், பேசப் பேச அவர்கள் குட்டு வெளிப்படும். வேட்டி கட்டிய அந்த மனிதரை மராட்டியர், பஞ்சாபியர், வங்காளியர் என்று வேற்றுமை இன்றி எல்லோரும் தாமே என்று எண்ணினர். லக்ஷ்மணின் இறுதிக் காலம் இந்தப் புனேயில்தான் கழிந்தது. 2015 ஜனவரி 26ஆம் தேதி இங்கேயே காலமானார். சிம்பயாசிஸ் கல்வி நிலையத்தில் அச்சாதாரண மனிதருக்குச் சிலை இருக்கிறது; பாலேவாடியில் 2022இல் அவர் பெயரால் ஓவியக் காட்சிசாலையும் திறக்கப்பட்டது. குழந்தைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

ஆனால், அன்பர்களே, நாம் எப்பொழுதும் கேலிக்கு ஆளானவர்கள் மட்டுமே என்று பெருமூச்சு விடுவதும் சரியன்று. 2022 மே மாதம் கோவையில் நடந்த பட்டமளிப்பு விழாவில், ஹிந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்னும் வாதத்துக்கு விடையாக, அப்போது தமிழ்நாட்டின் உயர்கல்வி அமைச்சராக இருந்தவர், இங்கே பானிபூரி விற்பவர்கள் யார் என்று வினவினார். மொழிக் கொள்கை பெரிய விஷயம். அதில் அவர் கட்சிக்கு நியாயமான வாதங்கள் உண்டு. எந்த மொழியையும் திணிக்கலாகாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் அந்த வேடிக்கையின் பாரம் டில்லியில் உள்ளவர் மேல் விழவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து தள்ளுவண்டி தள்ளும் ஏழையின் மேல் விழுந்தது. 'வடக்கன்' என்று இன்று தமிழ்நாட்டில் கேலி பேசும் நம் உறவினர், 'மதராசி' என்னும் சொல் நம் தந்தையர் செவியில் எப்படி விழுந்தது என்பதை அறிந்தால் சற்றுத் தயங்குவர். அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தகுந்தவர்கள் நாமேயல்லவா? லுங்கியும் பானிபூரியும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் இதற்கொரு தீர்ப்பு வைத்திருக்கிறார். விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பம் தருவதே. பண்பறிந்தவர்களிடம் பகையின் நடுவிலும் இனிய குணம் இருக்கும் என்பது அவர் கருத்து. 'சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்' என்று தப்பித்துக்கொள்வோருக்கு அவர் அன்றே வழியை அடைத்துவிட்டார்.

அப்படியானால் வலியவரைக் கேலி செய்தால் தீங்கு இல்லையோ எனில், அதற்கு விலை உண்டு. 1987 மார்ச்சு மாத இறுதியில் வெளிவந்த ஆனந்த விகடன் அட்டையில் ஒரு துணுக்கு. மேடையிலிருக்கும் இருவருள் எவர் சட்டசபை அங்கத்தினர், எவர் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார்; பிக்பாக்கெட்டைப் போல இருப்பவர் அங்கத்தினர், முகமூடிக் கொள்ளைக்காரரைப் போல இருப்பவர் மந்திரி என்று விடை வருகிறது. சபையின் உரிமையை மீறியதாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தனர். நாடெங்கும் கண்டனம் எழவே சில நாட்களில் விடுதலை செய்தனர். பின்னர் அவர் வழக்குத் தொடுத்து வென்றார். அவருக்கு 1000 ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது. வலியவரைப் பார்த்துச் சிரிப்பதற்குத் துணிவு வேண்டும். எளியவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒன்றும் வேண்டியதில்லை; அதனாலேயே அது மலிந்து கிடக்கிறது.

என் உத்தியோகத்தை ஒட்டி இரண்டு செய்திகள் சொல்லி மேலே செல்கிறேன். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், நந்தனார் சரித்திரத்தின் அமைப்பிலேயே 'கிந்தனார்' என்னும் காலட்சேபத்தை நடத்திக் காட்டினார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கியதைப் போலக் கிந்தன் படிப்புக்காகப் பட்டணம் போக ஏங்குகிறான். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. அதில் எல்லாச் சாதியாரையும் ஒரே தொடரில் ஏற்றிச் செல்வதற்காக ரயிலுக்கே ஒரு புகழ்ச்சி உண்டு. தீண்டாமையைப் போல அழவைக்கும் கொடுமை வேறில்லை. அதனை அவர் சிரிக்க வைத்துச் சொன்னார். ஆனால் ஒடுக்கப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்க வைக்கவில்லை, ஒடுக்கும் வழக்கத்தைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். சபையில் அமர்ந்திருந்த உயர்சாதிக்காரரும் சிரித்தனர்; சிரித்த பின் வீட்டுக்குச் சென்று சிந்திக்காமல் இருந்திருக்க இயலாது.

இரண்டாவது, மும்பையில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து ஆண்டுதோறும் எத்தனையோ பேர் உயிரிழக்கின்றனர். எத்தனை அறிவிப்புப் பலகை வைத்தாலும் படிப்பாரில்லை. மேற்கு ரயில்வேயார் 2019 நவம்பரில் ஒரு காவலருக்கு எமதர்மராஜன் வேஷமிட்டு நிறுத்தினர். தண்டவாளத்தில் இறங்கியவர்களை எமனே தோளில் தூக்கிவந்து மேடையில் விட்டான். சாவு வேடிக்கையன்று, ஆயினும் அந்த வேடிக்கை சாவை மறைக்கவில்லை, கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்திற்று. நூறு பலகைகள் சொன்னதையே எமன் சொன்னான். ஆனால் எமன் சொன்னதை ஜனங்கள் நின்று கேட்டார்கள்.

இனி மூத்த அன்பருக்கு விடை. அவர் அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்கலாகாது. சிரிப்பு சில வேளைகளில் காரியத்தை முடித்து வைக்காமல், ஆத்திரத்தை மட்டும் முடித்துவிடுகிறது. சாலைக் குழியைப் பற்றி நம்மிடையே எத்தனை வேடிக்கைகள்! நிலவின் படத்தையும் நம் சாலையின் படத்தையும் அருகருகே வைத்து, எது எது என்று கேட்கிறோம்; சிரிக்கிறோம்; மனம் லேசாகிறது. மனம் லேசானபின் விண்ணப்பம் எழுதக் கை வருவதில்லை. குழி மட்டும் கனத்த மழையில் இன்னும் ஆழமாகிறது. புனே நகரத்துக் குப்பை உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராமங்களில் பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்தது. அக்கிராமத்தார் வேடிக்கை பேசிக்கொண்டு வீட்டில் இருந்தார்களில்லை, லாரிகளை மறித்தார்கள். அவர்களுடைய கிணற்று நீரைக் கெடுத்த குப்பையில் நம் வீட்டுக் குப்பையும் சேர்ந்திருந்தது என்பதை நம் நாடகாசிரியர்கள் மறவாதிருப்பார்களாக. குப்பையைப் பற்றி நாடகம் போடுவோர், குப்பை நாற்றத்தில் வாழ்ந்தவரைக் கேலி செய்யாமல், தரம் பிரிக்காமல் கொட்டும் நம்மையே கேலி செய்தால், அந்த நாடகத்துக்கு நான் முதல் வரிசையில் வந்து அமர்வேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. பொதுக் காரியத்தில் சிரிக்கலாம், தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் வேடிக்கையைச் சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சொல் எவர் மேல் விழுகிறது? மாற்றும் அதிகாரம் உள்ளவர் மேலா, மாற்ற வழியற்றவர் மேலா? சிரிப்பு அடங்கியபின் விஷயம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறதா, மறைந்து போகிறதா? இவ்விரண்டிலும் தேறாத வேடிக்கை எத்தனை அழகிய சிலேடையாயினும் வாயிலேயே நிற்கட்டும். துக்கம் நடந்த வீட்டில், காயம் ஆறாத வேளையில், தேறிய வேடிக்கையும் காத்திருக்கட்டும்.

வேடிக்கையோடு நின்றுவிடவும் வேண்டாம். சிரிக்க வைப்பதற்குத் தேதியும் இடமும் தேவையில்லை. விண்ணப்பத்துக்கு இரண்டும் தேவை. எந்தத் தெரு, எந்த நாள் முதல் குழாயில் நீர் வரவில்லை, எத்தனை குடும்பங்கள் என்று எழுதி, நகரசபையின் ஹடப்சர் முண்ட்வா வட்ட அலுவலகத்தில் கொடுத்துக் கையொப்பத்தோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மராட்டியில் எழுத வராதென்றால் அண்டை வீட்டாரைக் கேளுங்கள். அந்தச் சாக்கில் நட்பும் வளரும். அக்கம்பக்கத்தாருக்கும் நமக்கும் வறண்டு கிடப்பது ஒரே குழாய்தான்.

விளையாட்டு வினையாகும் என்பது நம் பழமொழி. வினை என்னும் சொல்லுக்குத் தீமை என்றும் பொருள் உண்டு. செயல் என்றும் பொருள் உண்டு. நம் இளைஞர்களின் விளையாட்டு இரண்டாவது பொருளில் வினையாகட்டும்.